உடன் பணிபுரிவோர்



நம் குடியிருப்பில் வாழ்வோருள் பலர் இன்று தத்தம் அலுவலகங்களில் பத்துப் பேரையோ நூறு பேரையோ நடத்திச் செல்லும் பொறுப்பில் இருக்கின்றனர். அப்பொறுப்பைப் பற்றியே சில சொற்கள் கூற விழைகின்றேன்.

தில்லிக்கு வந்த புதிதில் இந்தி அறியாமல் ஆலோசனைக் கூட்டங்களில் அமர்ந்திருந்ததை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். எல்லோரும் நகைப்பர்; காரணம் நமக்கு விளங்காது. தேநீர் வந்ததும்தான் கூட்டம் முடிந்தது என்று தெரியும்! நமக்கு அந்நிலை ஈராண்டில் தீர்ந்தது. செவிப்புலன் குன்றிய ஊழியருக்கோ ஓய்வு பெறும் நாள்வரை நீடிக்கின்றது. கூட்டத்தில் வாய் திறவாததையே சான்றாகக் கொண்டு, அவரைத் திறமையற்றவர் என்று குறிப்பெழுதும் அதிகாரிகளும் உளர்.

பேசப்போகும் பொருளை முன்னாளே எழுதிக் கொடுத்து, ஒருவர் பேசுகையில் மற்றவர் குறுக்கிடாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பகுதி இடர் நீங்கும். பேசுபவர் சாளரத்துக்கு முதுகு காட்டி அமர்தலும் ஆகாது. பின்னால் வெளிச்சமிருப்பின் உதட்டசைவு புலப்படாது. இவ்வொழுங்கு மணிப்பூரிலிருந்து நேற்று வந்து சேர்ந்த இளைஞருக்கும் உதவும்.

பார்வையற்றோருக்குக் கணிப்பொறியின் எழுத்தைப் படித்துச் சொல்லும் மென்பொருள் உண்டு. நாமோ சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்து, கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, பிறகு அதைப் படமாக்கி அனுப்புகின்றோம்! படமாக வந்ததைப் பல வேளைகளில் அம்மென்பொருளால் படிக்க இயலாது. மூலக் கோப்பையும் உடன் அனுப்பினால் போதும், காசு செலவில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காடேனும் ஒதுக்கச் சொல்வதைப் பலரும் அறிவர். அதன் 20ஆம் பிரிவை அறிந்தோர் சிலரே. பணிக்காலத்தில் உடற்குறை நேர்ந்த ஊழியரை அரசு நிறுவனம் நீக்கலாகாது, பதவியிறக்கமும் செய்யலாகாது. பழைய வேலை இயலாதாயின், அதே ஊதிய விகிதத்தில் வேறு பணிக்கு மாற்றவேண்டும். விலக்களிக்கப்பெற்ற நிறுவனங்கள் நீங்கலாக, எல்லா அரசு நிறுவனங்களுக்கும் இது பொருந்தும்.

வேறொரு நகரில் அரசுப் பணியிலிருந்த நண்பர் ஒருவர், நீரிழிவால் பார்வை மங்கியதை ஈராண்டுக் காலம் மறைத்து வைத்தார். வேலை போய்விடும் என்ற அச்சம். இரவில் கோப்புகளை மகள் படித்துக் காட்டுவாள். அச்சமின்றித் தம் குறையைச் சொல்லக்கூடிய மேலதிகாரி அவருக்கு வாய்க்கவில்லை.

அப்பிரிவைத் தமிழில் எழுதி நம் சங்க நூலகத்தில் வைத்திருக்கின்றேன். வேண்டுவோர் படியெடுத்துக்கொள்ளலாம், யாருக்காக என்று எவரும் கேட்கமாட்டார்.