வார்ப்பில் ஓட்டை கண்டுபிடிக்கிறவன்
(பழைய மாணவர் கூடலில் ஆற்றிய உரை)



குடும்பத்தோடு வந்திருக்கும் இடத்தில் இந்தப் பேச்சு வேண்டுமா என்று விழாக் குழுவிலேயே ஒரு அண்ணன் தயங்கினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் நாலு மாசம் தயங்கியவன்தான். நான் பேசப்போவது விதைப் புற்றுநோய் பற்றி.

2009-ல் மெக்கானிக்கல் முடித்தேன். பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. வார்ப்பில் கடுகளவு ஓட்டை இருந்தாலும் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு ஒதுக்குகிற கை இது. 2019-ல் ஒருநாள் குளிக்கும்போது இதே கையில், இடது விதையில் பட்டாணி அளவு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. வலிக்கவில்லையே என்று விட்டுவிட்டேன். ஹாஸ்டலில் அந்த உறுப்பின் பேரை நாளெல்லாம் வசவாகச் சொன்னோம். டாக்டர் முன்னால் அதே பேர் வாயில் வரவில்லை. முதலில் பார்த்தவர் கிருமித் தொற்று என்று மாத்திரை கொடுத்தார். நம் நாட்டில் இது அபூர்வம், சட்டென்று நினைவுக்கு வராது. கடைசியில் மனைவிதான் யூராலஜிஸ்டிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

அல்ட்ராசவுண்டில் கட்டி தெரிந்தது. பிறகு ரத்தத்தில் ஏ.எஃப்.பி., எல்.டி.எச்., பீட்டா எச்.சி.ஜி. பார்த்தார்கள். கடைசியாகச் சொன்னது கர்ப்பமா என்று பார்க்கும் அதே ஹார்மோன். லேப் பையன் சீட்டைப் பார்த்துவிட்டு, "பேஷண்ட் நீங்களா சார்?" என்று இரண்டு தரம் கேட்டான். அந்த மாசத்தில் நான் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

மற்றக் கட்டிகள் போல இங்கே ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்ப்பதில்லை. நோய் வேறு வழியில் பரவ இடம் கொடுக்கும் என்பதால், தொடை இடுக்கில் கீறி விதையையே முழுசாக எடுத்துத்தான் சோதிக்கிறார்கள். மீதி ஒன்றே ஆண்மைக்கும் குழந்தைக்கும் பெரும்பாலும் போதும். இருந்தாலும் கீமோவுக்கு முன்னால் விந்தணுவைச் சேமித்து வைக்கச் சொன்னார் டாக்டர். நான் கேட்கக் கூசிய விஷயம், அவரே சொன்னார்.

சி.டி. ஸ்கேனில் வயிற்று நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியது தெரிந்தது. சீக்கிரம் போயிருந்தால் ஆபரேஷனோடு முடிந்திருக்கலாம். பிளியோமைசின், எட்டோபோசைட், சிஸ்பிளாட்டின் என்று மூன்று மருந்து, 21 நாளுக்கு ஒரு சுற்றாக மூன்று சுற்று. முடி கொட்டியது, வாந்தி, காதில் இன்னும் லேசாக ரீங்காரம்.

இந்த சிஸ்பிளாட்டின் கதை நம்மவர்களுக்குப் பிடிக்கும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க், பாக்டீரியாவை மின்புலம் என்ன செய்யும் என்று பார்க்கப் பிளாட்டினம் எலெக்ட்ரோடு வைத்தார். பாக்டீரியா இரண்டாகப் பிரியாமல் நூல் மாதிரி நீண்டது. செய்தது கரண்ட் இல்லை, எலெக்ட்ரோடிலிருந்து கரைந்த பிளாட்டினம்! 1965-ல் அதை வெளியிட்டார். 1974-ல் இண்டியானாவில் டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்ன் அதை வேறு மருந்துகளோடு சேர்த்து ஜான் கிளீலண்ட் என்ற மாணவருக்குக் கொடுத்தார். நுரையீரல் வரை பரவியிருந்த நோய் மறைந்தது. அதுவரை பரவிவிட்டால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. இன்று என்னைப் போல் வயிற்று முடிச்சோடு வந்தவர்களில் பெரும்பாலோர் குணமாகிறார்கள்.

தம்பிகளே, 15 வயதிலிருந்து 40 வரை உள்ளவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். சிறு வயதில் விதை கீழே இறங்காமல் இருந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வெந்நீரில் குளித்தபின் ஒவ்வொன்றாக விரலால் உருட்டிப் பாருங்கள். ஒன்று சற்றுப் பெரிதாக இருப்பது சகஜம். பின்பக்கம் மெத்தென்ற குழாயும் இயற்கையே. கெட்டியாக ஏதாவது பட்டால், வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அடுத்த ஸ்கேன் தை மாசம். சபையில் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் சாப்பாட்டுக்கு அப்புறம் மெஸ் வேப்பமரத்தடிக்கு வாங்க, அங்கேதான் இருப்பேன்.