ஒலியும் குறிப்பும்



கண்டியிலிருந்து மகாவலி கங்கையைக் கடந்து திகன நோக்கிச் செல்லும் வீதியில் பல்லேகல அமைந்திருக்கிறது. துடுப்பாட்ட மைதானத்தினால் உலகறிந்த இவ்வூரில், பலரும் அறியாத நில அதிர்வு நிலையம் ஒன்றும் உண்டு. 2000ஆம் ஆண்டு முதல் உலகளாவிய வலையமைப்பொன்றின் உறுப்பாக நின்று, அது நிலத்தின் நடுக்கத்தை இரவு பகலாகப் பதிந்து வருகிறது.

2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில், விக்டோரியா நீர்த்தேக்கத்தை அடுத்த திகனப் பகுதியில் ஓரிரவு நிலம் அதிர்ந்தது. பேரோசை கேட்டதென்றும் வீடு குலுங்கியதென்றும் மக்கள் கூறினர். வெறும் கூற்றை ஐயுறுவது எளிது. கருவி வரைந்த கோடும் தனித்து நின்றால் கிறுக்கலே. "இத்தனை மணிக்கு, இந்த இடத்தில்" என்ற மனிதரின் சொல்லும், அதே கணத்தில் கருவி வரைந்த அலையும் பொருந்தும்பொழுதுதான் இரண்டும் சான்றாகின்றன. அவற்றைப் பிணைக்கும் முடிச்சு காலம்.

இந்த முடிச்சையே இன்றைய குறிப்பெடுக்கும் மென்பொருள்களும் போடுகின்றன. 2003ஆம் ஆண்டில் வெளிவந்த மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் 'வன்நோட்' அவற்றுள் ஒன்று. கணினி பேச்சைப் பதிந்துகொண்டிருக்க, கேட்பவர் குறிப்புகளைத் தட்டெழுதுகிறார். ஒவ்வொரு பந்தியும் பதிவு தொடங்கி எத்தனையாவது நொடியில் எழுதப்பட்டது என்பதை மென்பொருள் ஓசையின்றிக் குறித்துக்கொள்கிறது. பின்னர் அப்பந்தியைச் சுட்டினால், அந்நொடியில் எழுந்த குரல் ஒலிக்கும். 2008இல் வந்த 'லைவ்ஸ்கிரைப்' பேனா, நுண்புள்ளிகள் அச்சிட்ட தாளில் எழுதும் கையெழுத்துக்கும் இவ்வசதியை அளித்தது.

இதில் சுவையான நுட்பம் ஒன்று உண்டு. காது கேட்டபின்பே கை எழுதுகிறது. ஆதலால் குறிப்பு எப்பொழுதும் குரலுக்குச் சற்றுப் பிந்தியே பிறக்கும். இதனையறிந்தே, குறிப்பின் நேரத்திற்குச் சில நொடிகள் முன்சென்று ஒலிக்கத் தொடங்குமாறு அமைத்துக்கொள்ளவும் மென்பொருளில் வழி வைத்தனர்.

மாணவருக்கு இஃது உதவும். எனினும், பதிவு இருக்கிறதே என்று செவியை மூடிக்கொள்பவருக்கு எதுவும் உதவாது. ஒரு மணி நேர விரிவுரையை மீட்டுக் கேட்க மற்றுமொரு மணி நேரம் வேண்டுமல்லவா? முக்கியமான இடத்தில் நான்கு சொல் எழுதிவைத்தவரே, அந்த இடத்திற்கு நேரே செல்ல இயலும்.

ஆயினும் இவ்விணைப்பின் முழுப் பயனும் விரிவுரை மண்டபத்தில் இல்லை. கண்டியைச் சூழ்ந்த மலைகளிலுள்ள தோட்டங்களில் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தையும், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தையும் தம் உடலிலும் குடும்பத்திலும் அனுபவித்த முதியோர் அருகி வருகின்றனர். அவ்வொப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எண்ணிக்கை ஏட்டில் இருக்கிறது. தலைமன்னார்ப் புகையிரதத்தில் உறவினரை ஏற்றிவிட்டுத் திரும்பியவரின் அனுபவம் குரலில்தான் இருக்கிறது.

அத்தகைய மூதாட்டி ஒருவரின் பேச்சைப் பதிந்து, எழுத்தில் வடிப்பதாகக் கொள்வோம். அவர் "பிரட்டுக்களம்" என்கிறார். காலையில் தொழிலாளரை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடம் அது. தோட்ட வழக்கை அறியாத எழுத்தர் அதனைப் "புரட்டு" என்று தட்டெழுதிவிடலாம். பொருள் தலைகீழாகிவிடும். "அண்ணன் விரும்பித்தான் இந்தியா போனாரா?" என்ற வினாவுக்கு அவர் நெடுநேரம் பேசாதிருந்து, பின் "ஓம்" என்கிறார். தாளில் "ஓம்" மட்டும் இருக்கும். அந்த மௌனம் இராது. பிற்காலத்தில் அதனைப் படிப்பவர், அவர் மனமுவந்து சென்றார் என்றே எழுதிவைப்பார். அச்சொல்லோடு அதற்குரிய நொடியும் பிணைக்கப்பட்டிருப்பின், ஐயமுற்றவர் தாமே கேட்டுத் தெளியலாம். மொழியியலாளர் கையாளும் 'இலான்' என்ற மென்பொருள் சொல்லையும் மௌனத்தையும் இவ்வாறு தனித்தனியே காலத்தோடு குறிக்க இடந்தருகிறது.

பேட்டி காண முனைவோர் சிலவற்றைக் கருத்திற் கொள்ளுதல் நலம். குறிப்பை வேறொரு மென்பொருளுக்குப் பெயர்த்தாலோ தாளில் அச்சிட்டாலோ, மறைந்திருக்கும் நேரக் குறி உதிர்ந்துவிடக்கூடும். ஆதலின் முக்கியமான இடங்களில் மணி, நிமிடம், நொடி ஆகியவற்றை இலக்கத்திலேயே எழுதிவைத்தல் வேண்டும். மூலப் பதிவின் தொடக்கத்தை, இருமலும் நாற்காலி இழுக்கும் ஓசையும் தானே என்று வெட்டிவிடலாகாது. ஒரு நிமிடம் வெட்டினால், பின்வரும் குறிகளெல்லாம் ஒரு நிமிடம் பிசகும். சுருக்கப்படாத நல்ல ஒலிப்பதிவு, ஒற்றைத் தடமாயினும், மணிக்கு ஏறத்தாழ 346 மெகாபைற் இடம் கொள்ளும். அதற்கஞ்சி மூலத்தை அழிப்பது பெருந்தவறு. பேசியவரின் இசைவையும் பெறவேண்டும். பிறர் கேட்கலாகாதென அவர் சொல்லும் பகுதியை, நேரக் குறியைக் கொண்டே பிரித்துப் பூட்டிவைக்கலாம்.

கருவியை இயக்கியவுடன், பேசுபவர் பெயர், ஊர், நாள், நேரம் ஆகியவற்றை வாயாலேயே சொல்லிவிட்டு முதல் வினாவைத் தொடுப்பது நன்று. குறிப்பேடு ஒருகால் தொலைந்துபோயினும், அந்த ஒலித்தட்டைக் கண்டெடுப்பவருக்கு அது யாருடைய குரல், எந்தத் தோட்டத்தில் எழுந்தது என்பது தெரிந்திருக்கும்.