அந்த ஒன்பது நாட்கள்

புக்கிட் பாத்தோக் வட்டார மூத்தோர் ஒன்றுகூடலில் ஆலய நிர்வாகக் குழு உறுப்பினர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஆற்றிய உரை



வழக்கமாக என்னைப் புராணம் பேசத்தான் அழைப்பார்கள். இன்று மோசடியைப் பற்றிப் பேசுகிறேன். காரணம், அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்க வரும் ஓர் அம்மையார். வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் அவரை அழைத்தான். அவர் பெயரில் யாரோ கடன்பற்று அட்டை எடுத்துக் கள்ளப்பணம் மாற்றியதாகச் சொல்லி, 'காவல்துறை அதிகாரி' ஒருவனிடம் இணைப்பைக் கொடுத்தான். விசாரணை முடியும்வரை சேமிப்பை வேறு கணக்குக்கு மாற்றச் சொன்னான் அந்த அதிகாரி. மாற்றினார். மறுநாளே சந்தேகம் வந்துவிட்டது. என்னிடம் வந்து சொன்னதோ ஒன்பதாம் நாள்.

"சார், மகனுக்குத் தெரிஞ்சா திட்டுவான். நீங்களும் சொல்லிடாதீங்க."

புகார் கொடுக்க உடன் சென்றேன். "எப்போது நடந்தது?" என்பதுதான் அங்கே கேட்ட முதல் கேள்வி. அம்மையார் தலையைக் குனிந்துகொண்டார். பணம் பல கணக்குகள் தாண்டிப் போயிருந்தது.

படிக்காதவர்தாம் ஏமாறுவர் என்று எண்ண வேண்டாம். 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் போலிக் குறுஞ்செய்திகள் வந்தன. வங்கியின் உண்மையான செய்திகள் வரும் அதே வரிசையில் அவையும் வந்து நின்றன. யார்தான் சந்தேகப்படுவார்? ஏறத்தாழ 790 பேர் இழந்தது 13.7 மில்லியன் வெள்ளி. வங்கி பின்னர் நல்லெண்ண அடிப்படையில் முழுத்தொகையையும் கொடுத்தது. எல்லாருக்கும் அப்படி வாய்க்காது. 2024-இல் சிங்கப்பூரில் பதிவான மோசடிகள் 51,501, இழப்பு 1.1 பில்லியன் வெள்ளி. பத்தில் எட்டுக்கு மேற்பட்டவற்றில் பாதிக்கப்பட்டவரே தம் கையால் பணத்தை அனுப்பியிருக்கிறார்.

அனுப்பிய பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. நிற்கும் இடத்திலேயே முடக்கினால்தான் மீட்க வழியுண்டு. ஆகவே முதலில் வங்கியை அழையுங்கள். உடனே காவல்துறையில் புகார் செய்யுங்கள். வெறும் சந்தேகமாக இருந்தாலும் 1799 என்ற எண் இரவு பகல் எந்நேரமும் உண்டு. எந்த அரசாங்க அதிகாரியும் தொலைபேசியில் பணத்தை மாற்றச் சொல்லமாட்டார். எவ்வளவு சொல்லியும் கேளாத பெற்றோர் இருந்தால், 2025 ஜூலை 1 முதல் ஒரு சட்டம் துணை நிற்கிறது. அவருடைய கணக்கிலிருந்து பணம் போகாமல் 30 நாள்வரை தடுத்து வைக்கும்படி காவல்துறை வங்கிக்கு உத்தரவிடலாம்.

வெட்கம் நமக்கு மட்டுமா? நம் தீவின் மிகப் பழமையான இந்து ஆலயமாகிய சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலில், 2020-இல் கணக்குச் சரிபார்ப்பின்போது அம்மன் நகைகள் சில காணவில்லை. தலைமை அர்ச்சகர் அடகு வைத்திருந்தார். கேட்டதும் நகைகள் திரும்பி வந்துவிட்டன. கோயில் பெயர் கெடுமே என்று அத்தோடு மூடியிருக்கலாம். மூடவில்லை, காவல்துறையில் புகார் செய்தார்கள். 2023-இல் அவருக்கு ஆறாண்டுச் சிறை. அந்தச் செய்தி வந்த நாளில் என் மனம் கூசியது உண்மை. இன்று அதே கோயிலை நினைத்தால் மரியாதைதான் கூடுகிறது.

நன்கொடையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் ஆலயத்தின் பெயரில் வாட்ஸ்அப்பில் யாராவது பணம் கேட்டால் அலுவலகத்துக்கு அழைத்து விசாரியுங்கள். பத்து வெள்ளியானாலும் கேளுங்கள். எங்களுக்குக் கோபம் வராது.

பிள்ளைகளே, அம்மா வந்து சொன்னால் தயவுசெய்து திட்டாதீர்கள். முதலில் வங்கி எண்ணைத் தேடிக் கொடுங்கள். அம்மையாரின் மகன் கடைசியில் திட்டவில்லை. "ஏம்மா என்கிட்ட சொல்லலை?" என்று மட்டும் கேட்டார்.

வரும் வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு நானும் இரண்டு இளைஞர்களும் அலுவலக அறையில் இருப்போம். ஸ்கேம்ஷீல்டு செயலியைப் போட்டுத் தருகிறோம். கைத்தொலைபேசியோடு மூக்குக் கண்ணாடியையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.