இணையப் பக்கம் எழுதும் கருவி

இணையப் பக்கம் அமைக்கப் புகுவோர்க்கு வழி இரண்டு. ஒன்று, திரையில் தோன்றும் வடிவத்தையே வைத்து அமைக்கும் காட்சித் தொகுப்பி. மற்றையது, எச்.டி.எம்.எல். குறிகளைக் கையால் இடும் வெற்று எழுத்துத் தொகுப்பி.

இவற்றுள் முன்னையதே மூத்தது என்பது பலர் அறியாதது. 1990ஆம் ஆண்டின் இறுதியில், ஜெனீவாவை அடுத்த சேர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பேர்னர்ஸ் லீ ஆக்கிய முதல் உலாவி, பக்கங்களைப் படிக்க மட்டுமன்றி எழுதவும் உதவியது. எழுதுவோர் குறிகளைக் காண வேண்டியதேயில்லை. பின்னர் பரவிய மொசெயிக் போன்ற உலாவிகளோ படிப்பதற்கு மாத்திரமே பயன்பட்டன. எனவே குறிகளைக் கையாலிடும் வழக்கம் பெருகிற்று.

1996இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் ஃபிரண்ட்பேஜ் என்னும் காட்சித் தொகுப்பியை விலைக்கு வாங்கியது. குறியறியாதோரும் ஒரு மாலைப்பொழுதிற் பக்கம் அமைத்தனர். அது சிறு நன்மையன்று. ஆயினும் அக்கருவி இட்ட குறிகள் தேவைக்கு மிஞ்சியவை. வருகை எண்ணி முதலிய உறுப்புகளோ, சேவையகத்தில் அந்நிறுவனத்தின் தனி மென்பொருள் இருந்தாலன்றி இயங்கா. 2006இல் ஃபிரண்ட்பேஜ் கைவிடப்பட்டது. அத்தனி மென்பொருள் நீங்கிய இடங்களில் அவ்வுறுப்புகளும் செயலற்றன. குறியையே காணாதவர் அப்பழுதை எங்ஙனம் திருத்துவார்?

1997இல் வெளிவந்த ட்ரீம்வீவர் இதனை உணர்ந்த கருவி எனலாம். கையால் இட்ட குறிகளை அது கலைக்காது விட்டது.

ஒரு தலைப்பு, ஒரு பந்தி, ஓர் இணைப்பு ஆகிய மூன்றையும் நோட்பாட்டில் எழுதி, உலாவியிலே திறந்து பார்க்க அரைமணி நேரம் போதும். அதனைச் செய்து பார்த்தவர் பின்பு எந்தக் காட்சித் தொகுப்பியையும் அச்சமின்றிக் கையாளலாம்.