மீள நினைப்பவரைத் தனியே விடவேண்டாம்

(குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



மது ஹராம் என்பதை இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மதரஸாவில் ஓதும் பிள்ளைக்கும் அது தெரியும். ஆனாலும் நம் வீடுகளில் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஊருக்குத் தெரிந்தால் மகளுக்கு மாப்பிள்ளை அமையாது என்று பயந்து மறைக்கிறோம். மறைக்க மறைக்க நோய் முற்றுகிறது.

எங்கள் தவறை முதலில் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், ரமலான் நெருங்கும் நேரத்தில், ஒரு தாயார் தம் மகனை எங்கள் அலுவலகத்துக்கு அழைத்து வந்தார். தினமும் குடிப்பவர். இனித் தொடமாட்டேன் என்று அவரிடம் சத்தியம் வாங்கி, துஆ செய்து அனுப்பினோம். அவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாள் கை நடுங்கியது, தூக்கம் போனது. இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்தது. ஜின் கோளாறு என்று நினைத்து ஓதிப் பார்க்கக் கிளம்பினார்கள். பக்கத்து வீட்டு நர்ஸ் ஒருவர் தடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்தார்.

பல வருடம் தினமும் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் தாங்காது. ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். மூன்று நான்கு நாளில் நினைவு தடுமாறி, இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே நோன்புக்காக நிறுத்த நினைப்பவர், முன்கூட்டியே மருத்துவரைப் பார்த்து, மருந்தோடு நிறுத்தட்டும். குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கும் மருந்தை எந்தத் தாயும் வாங்கவேண்டாம். அதன்மேல் அவர் குடித்தால் உயிருக்கு ஆபத்து.

உடம்பு தேறிய பிறகு, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குத் தொடர்ந்து போகும்படி மருத்துவர் சொன்னார். சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். அந்தக் கூட்டம் ஒரு சர்ச் வளாகத்தில் நடந்தது. நம்மவர் அங்கே போகலாமா என்று நாங்களே தயங்கினோம். அந்தத் தயக்கத்தில் மூன்று மாதம் போயிற்று. அவர் மறுபடி குடித்தார். இது எங்கள் இரண்டாவது தவறு.

விசாரித்த பிறகே எங்களுக்குப் புரிந்தது. ஏ.ஏ. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் சீரழிந்த ஒரு பங்கு வணிகரும் ஒரு மருத்துவரும் சந்தித்ததில் தொடங்கியது. அது எந்த மதத்தையும் சார்ந்ததல்ல. இடம் கிடைப்பதால் சர்ச்சிலும் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் கூடுகிறார்கள். இறைவனை அவரவர் அறிந்தபடி நம்பலாம். சேரக் கட்டணமில்லை. குடியை விடவேண்டும் என்ற விருப்பம் மட்டும் போதும். அங்கே கேட்டதை வெளியே சொல்வதில்லை. வெளியார் நன்கொடையையும் அவர்கள் ஏற்பதில்லை. நம் பைத்துல்மாலிலிருந்து கொடுக்க நினைத்தாலும் வாங்கமாட்டார்கள்.

கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ, சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவில் கேளுங்கள். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்கும், 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கும் கட்டணமில்லை. இடமும் நேரமும் மாறக்கூடும். பேசி உறுதி செய்துகொண்டு புறப்படுங்கள். திறந்த கூட்டம் என்றால் குடும்பத்தாரும் போகலாம். மூடிய கூட்டம் குடியை விட விரும்புவோருக்கு மட்டும். மனைவி மக்களுக்கென்று அல்-அனான் என்ற தனி அமைப்பு இருக்கிறது.

உள்ளூரில் தெரிந்தவர் பார்ப்பாரே என்று கூச்சமா? கடலூர்க்காரர் சிதம்பரத்தில் கேட்கட்டும். சிதம்பரத்துக்காரர் கடலூரில் கேட்கட்டும். நடுவே சுமார் 45 கிலோமீட்டர்தான், பஸ்ஸுக்குக் குறைவில்லை. பஸ் கட்டணம் நம் பொறுப்பு. சிகிச்சை நாட்களில் அந்த வீட்டு அரிசி பருப்பும் நம் பொறுப்பு. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் எங்களில் ஒருவர் வருவோம். யார் பெயரும் நோட்டில் ஏறாது.

அந்த மகனோடு முதல் கூட்டத்துக்கு எங்களில் ஒருவர் போய் உட்கார்ந்தார். திரும்பும் வழியில் அவர் சொன்னது ஒன்றுதான்: "இவ்வளவு நாளும் என்னைத் திட்டாதவங்க அங்கதான் இருந்தாங்க, பாய்." அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம்.

நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் காலத்திலும், குடித்ததற்காகத் திரும்பத் திரும்பத் தண்டிக்கப்பட்ட ஒருவர் இருந்தார். கூடியிருந்தவர்களில் ஒருவர் அவரைச் சபித்தார். நபியவர்கள் அதைத் தடுத்தார்கள்; அவர் அல்லாஹ்வையும் ரஸூலையும் நேசிப்பவர் என்று எடுத்துச் சொன்னார்கள். இது புகாரியில் பதிவானது. தண்டனைக்குரிய குற்றம் என்பதில் மாற்றமில்லை. ஆனால் மனிதரை ஜமாஅத்திலிருந்து வெட்டவில்லை.

ஆகவே தாய்மார்களே, அடுத்த சத்தியத்துக்குக் காத்திருக்கவேண்டாம். இந்த வாரமே எங்களிடம் சொல்லுங்கள். தவறி மறுபடி குடித்தவரும் வரலாம். தவ்பாவின் வாசல் அவருக்கும் திறந்திருக்கிறது. நம் அலுவலக வாசலும் திறந்திருக்கும்.

அல்லாஹ் நம் குடும்பங்களைப் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.