சித்திரைக் கூடை



பங்குனி கழிந்து சித்திரை பிறக்கும் நாள்களில், எங்கள் உழவர்கரையில் கூடைகள் வீடு மாறும். பிரெஞ்சுக்காரர் 'ஊல்காரே' என்று தம் ஏடுகளில் எழுதிய ஊர் இது. ஆண்டுப் பிறப்புக்குக் கனிகள் வைத்துக் கொடுப்பாரும், ஈஸ்டர் பெருநாளுக்கு முட்டையும் இனிப்பும் வைத்துக் கொடுப்பாரும் அடுத்தடுத்த வீடுகளிலேயே வாழ்கின்றனர். இக்கூடையைப் பற்றியே சிறிது பேச விரும்புகிறேன்.

இன்று கடையில் விற்கும் பரிசுக் கூடையைப் பாருங்கள். மாம்பழம் உள்ளே இருக்கும். அதனைச் சுற்றிப் பளபளக்கும் ஒரு தாள் இருக்கும். அதனைப் பலரும் 'செல்லோபேன்' என்பர். சுவிட்சர்லாந்தின் வேதியியல் அறிஞர் ஜாக் பிராண்டன்பெர்கர் 1908-இல் கண்ட உண்மையான செல்லோபேன் மரக்கூழிலிருந்து ஆவது, மண்ணில் மட்கும். ஆயினும் அதனைச் செய்கையில் கார்பன் டைசல்பைடு என்னும் நச்சுப்பொருள் வேண்டும் என்பதையும் மறத்தலாகாது. நம் கடைத்தாளோ பெரும்பாலும் அதுவன்று. பெட்ரோலிய வழி வந்த பாலிபுரொப்பிலீன். பெயர் மட்டும் பழையது! 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் நடப்புக்கு வந்த தடை, இனிப்புப் பெட்டிமேல் சுற்றும் பிளாஸ்டிக் தாளைப் பெயர் சொல்லி விலக்கியது. பழக்கூடையை அப்பட்டியல் குறிக்கவில்லை. சட்டம் சொல்லாததை நாம் செய்தல் வேண்டும்.

அவ்வாறெனின் எதில் வைப்பது? பனையோலைப் பெட்டியையே நான் முதலாவதாகச் சொல்வேன். இளம் ஓலையைக் கொய்து, ஈர்க்கினை நீக்கி, வெயிலில் உலர்த்தி, வேண்டிய அகலத்தில் வகிர்ந்து, பின்னுமுன் நீரில் நனைத்து இளக்கிக்கொள்வர். உலர்ந்த ஓலை முறியும். நனைந்த ஓலையே வளையும். பனைக்கு உச்சியில் வளரும் முனை ஒன்றே. அது கெட்டால் மரம் மடியும். ஆதலின் தேர்ந்தவர் ஒரு மரத்தின் ஓலைகளை அளவாகவே எடுப்பர். இயற்கைப் பொருள் என்றதனாலேயே எல்லையின்றிக் கொய்யலாம் என்பது பொருளன்று. மற்றொன்று: சந்தையில் கண்ணைப் பறிக்கும் சிவப்பும் பச்சையுமான பெட்டிகளுக்கு வேதிச் சாயமே ஏற்றப்படுகிறது. தின்பண்டம் வைப்பதற்கு ஓலையின் வெளிர்நிறமே தகும். அழகும் அதுவே என்பது என் துணிபு.

குருத்தோலை ஞாயிறன்று கிறித்தவர் கையில் ஏந்தும் ஓலைகளை எண்ணிப்பாருங்கள். அவற்றைக் குப்பையில் எறிவதில்லை. வீட்டில் வைத்திருந்து, மறு ஆண்டின் சாம்பல் புதனுக்கு எரித்து நீறாக்குவர். ஒரு பொருளின் முடிவையும் முன்னரே எண்ணி வைத்த வழக்கம் இது.

இனி உள்ளே வைப்பன. சித்திரைக்கு மாங்காய், வேப்பம்பூ, வெல்லம் மூன்றும் இருந்தால் பச்சடிக்குக் குறையில்லை. மூன்றும் அப்பருவத்தில் நம்மருகே கிடைப்பன. பலா வேண்டுமெனில் பண்ருட்டி தொலைவன்று. வேப்பம்பூவை இலைத்தொன்னையில் இடலாம். வெல்லத்துக்குச் சிறு மண்கலயம் போதும். அண்டை ஊரான வில்லியனூரின் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றது. எங்கிருந்தோ கப்பலேறி வந்த ஆப்பிளை ஓலைப்பெட்டியில் வைத்துவிட்டு 'இயற்கைப் பரிசு' என்று பெயரிடுவதை என்னால் ஏற்க இயலவில்லை.

ஈஸ்டர் முட்டைக்கும் கடைச்சாயம் வேண்டா. வெங்காயச் சருகை நீரிட்டுக் கொதிக்கவைத்து, சிறிது காடி சேர்த்து, அதில் முட்டையை வேகவிட்டால் செம்பழுப்பு நிறம் ஏறும். மஞ்சள் பொடி பொன்னிறம் தரும். ஐரோப்பிய நாட்டுப்புறங்களில் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வரும் முறையே இது. வாழ்த்து எழுதத் தாள் வேண்டுமா? புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தார் 1959-இல் தொடங்கிய கைத்தாள் தொழிற்சாலை, பருத்தித் துணிக் கழிவிலிருந்து தாள் செய்கிறது. மேலே கட்டப் பளபளக்கும் நாடா எதற்கு? வாழைநார் இருக்கிறதே.

'ஓலைப்பெட்டிக்கு விலை கூடுதல் அன்றோ' என நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஒரு பெட்டியைப் பின்ன ஒருவருடைய பொழுது செல்கிறது. அப்பொழுதுக்குக் கூலி வேண்டும். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கூடையோடு அது போட்டியிட இயலாது. பின்னுவோர் குறைவதற்கும் இதுவே காரணம். ஆயின் அப்பெட்டி ஒருநாளைக்கு மட்டும் உரியதன்று. முன்னாளில் சீர் கொண்டுவந்த பாத்திரத்தை எவரும் வெறுமையாகத் திருப்பியனுப்ப மாட்டார்கள். ஒரு பிடி சர்க்கரையோ இரண்டு வாழைப்பழமோ அதில் இருக்கும். சித்திரையில் பக்கத்து வீட்டுக்குச் சென்ற பெட்டி, அவ்வாறே ஈஸ்டர் முட்டை இரண்டுடன் உங்கள் வீட்டுக்குத் திரும்பி வரட்டும். அடுத்த பொங்கலுக்குக் கிழங்கும் மஞ்சள்கொத்தும் சுமந்து மீண்டும் புறப்படட்டும்.