வீட்டிலிருந்து பயிலும் நம் பிள்ளைகளுக்கு எந்தக் கணித நூல்?

(பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

 

திருக்குர்ஆனை மனனம் செய்வதற்காகப் பள்ளிப்படிப்பைச் சில ஆண்டுகள் நிறுத்திவிட்டு, மீதிப் பாடங்களை வீட்டிலிருந்தே பயிலும் பிள்ளைகள் நம் ஊர்களில் பெருகி வருகின்றனர். ஹாபிழ் ஆகும் பேறு எளிதில் கிட்டுவதன்று. அப்பேற்றைப் பெற்ற பிள்ளை, பதின்மூன்று வயதில் உலகக் கல்விக்குத் திரும்பும்போது தடுமாறி நிற்பது பெரும்பாலும் கணிதத்தில்தான். வரலாற்றில் ஒரு பாடம் விடுபட்டால் பிறகு படித்துக்கொள்ளலாம். கணிதமோ படிக்கட்டு போன்றது. பின்னம் அறியாதவனுக்குச் சதவீதம் விளங்காது. சதவீதமும் விகிதமும் விளங்காதவனுக்கு இயற்கணிதத்தின் வாசல் திறக்காது.

கணிதம் நமக்கு அந்நியமான கல்வி என்று எவரேனும் எண்ணினால் அது நம் வரலாற்றை அறியாமையே ஆகும். கலீஃபா மஃமூன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பிலுள்ள ‘அல்ஜப்ர்’ என்னும் சொல்லிலிருந்தே ‘அல்ஜீப்ரா’ பிறந்தது. அந்நூலின் பெரும்பகுதி மரண சாசனத்தையும் வாரிசுரிமைப் பங்கீட்டையும் பற்றியதாகும்.

அந்தப் பங்கீட்டையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் மனைவி, தாய், ஒரு மகன், ஒரு மகள் ஆகியோரை விட்டு இறக்கிறார். கடனும் மரண சாசனமும் போக எஞ்சியதில் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று. மீதியை மகனும் மகளும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பெறுவர். சொத்தை 72 பங்காக்கினால் மனைவிக்கு 9, தாய்க்கு 12, மகனுக்கு 34, மகளுக்கு 17. இக்கணக்கைப் போட்டுப் பார்க்கத் தெரியாத வாரிசு, பிறர் சொன்ன இடத்தில் கையொப்பமிட்டுவிட்டுத் தன் உரிமையை இழக்க நேரிடும். அதிலும் பெரிதும் இழப்பவர்கள் பெண்மக்களே.

இனி, நூலைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம். முதலில் தீர்மானிக்க வேண்டியது, பிள்ளை எந்தத் தேர்வின் வழியாகக் கல்விக்குத் திரும்பப் போகிறான் என்பதையே. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை 12½ வயது நிறைந்தவர்கள் எழுதலாம்; அதில் கணிதத்தைத் தவிர்க்க இயலாது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு இணையாக ஏ, பி, சி என்ற மூன்று நிலைகளில் அடிப்படைக் கல்வியை நடத்துகிறது. 14 வயது நிறைந்தவர்கள் அதன் பத்தாம் வகுப்பில் சேரலாம்.

அந்நிறுவனத்தின் பத்தாம் வகுப்பில் கணிதத்தை விடுத்து வேறு பாடம் எடுத்துக்கொள்ளவும் வழியுண்டு. எளிய வழி என்று எண்ணிப் பெற்றோர் அதனைத் தேர்ந்தெடுப்பதுண்டு. ஆனால் மின்பணியாளர், பொருத்துநர் போன்ற தொழிற்பயிற்சிப் பிரிவுகள் பத்தாம் வகுப்பில் கணிதமும் அறிவியலும் பயின்றிருப்பதைக் கேட்கின்றன. இன்று தவிர்க்கும் பாடம் நாளை ஒரு தொழிலின் கதவை அடைத்துவிடும் என்பதை நாம் உணர வேண்டும்.

அடுத்து, நூல்கள். தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. இணையத்தில் கட்டணமின்றியும் பெறலாம். தமிழ் வழியில் பயின்ற தாய் தானே படித்துச் சொல்லித்தர ஏற்றவை இவையே. என்.சி.இ.ஆர்.டி. நூல்கள் 2023 முதல் படிப்படியாகப் புதுப்பிக்கப்பட்டு வருகின்றன. அவற்றின் தொடக்க வகுப்பு நூல்கள் கதையும் செயல்பாடும் கலந்து சிந்திக்கத் தூண்டுபவை. வீட்டில் கற்பிப்போர் கூடுதல் பயிற்சிக் கணக்குகளைத் தாமே சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். சிங்கப்பூரில் 1982இல் வெளிவந்த தொடக்கநிலைக் கணித நூல் வரிசை, பிற நாடுகளில் வீட்டில் கற்பிக்கும் பெற்றோரிடையேயும் புகழ்பெற்றது. முதலில் பொருளைக் கையில் கொடுத்து, பின்பு படம் வரைந்து, இறுதியில் எண்ணாக எழுதுவது அதன் முறை. முறை நன்று, ஆயின் நூல் ஆங்கிலத்தில் உள்ளது, விலையும் அதிகம். முறையை நாம் எடுத்துக்கொள்ளலாம். நூலை வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை.

ஆகவே நாம் பரிந்துரைப்பது இதுவே: எழுதப்போகும் தேர்வுக்கு உரிய நூல் ஒன்றையே அடிப்படையாகக் கொள்ளுங்கள். அதை முதல் பக்கத்திலிருந்து இறுதிவரை முடியுங்கள். மற்றவை துணை நூல்களாக இருக்கட்டும். ஆண்டுக்கு மூன்று நூல் மாற்றினால் எதுவும் முழுமையாகாது. இடையிடையே விடுபடும் பாடங்களே பின்னாளில் தடைக்கற்களாகும்.

எந்த வகுப்பு நூலிலிருந்து தொடங்குவது? வயதை வைத்து முடிவுசெய்யாதீர்கள். சில கேள்விகள் போதும். 3004இலிருந்து 1678ஐக் கழிக்கச் சொல்லுங்கள், விடை 1326. ஆறில் ஒன்று பெரிதா, எட்டில் ஒன்று பெரிதா என்று கேளுங்கள். ஆறைவிட எட்டு பெரிது என்பதால் எட்டில் ஒன்றே பெரிது என்று பிள்ளை சொன்னால், அவன் பின்னத்தை இன்னும் பார்க்கவில்லை என்று பொருள். ஒரு லட்ச ரூபாய்க்கு நாற்பதில் ஒரு பங்கு ஜகாத் எவ்வளவு என்று கேளுங்கள். 2,500 என்பதோடு, அதுவே இரண்டரைச் சதவீதம் என்றும் அவன் சொல்ல வேண்டும். எங்கே தடுமாறுகிறானோ அதற்கு உரிய வகுப்பு நூலிலிருந்தே தொடங்குங்கள். பதின்மூன்று வயதில் நான்காம் வகுப்பு நூலைத் திறப்பதில் இழிவு ஏதுமில்லை. அவன் முன்னிலையில் அவ்வாறு பேசாதிருப்பது நம் கடமை.

தாய்மார்களே! ‘எனக்கே கணக்கு வராது, நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?’ என்று தயங்க வேண்டாம். கால், அரை, முக்கால், அரைக்கால் என்னும் சொற்கள் நம் அடுக்களையில் புழங்கியவைதாம். ஒரு ரொட்டியை எட்டாகக் கிழித்து, ஒரு துண்டைக் கையில் கொடுத்து ‘இது அரைக்கால்’ என்று காட்டுங்கள். மனைவியின் பங்கும் அதுவே என்று பிறகு சொல்லுங்கள். நாள்தோறும் அஸருக்குப் பின் நாற்பது நிமிடம் போதும். மனனம் செய்த பகுதியை நாள்தோறும் மீட்டி ஓதுவதுபோல, முந்தைய நாள் கணக்கு இரண்டைத் திரும்பப் போடச் செய்து, பிறகு புதியதைத் தொடங்குங்கள். மீட்டி ஓதும் பழக்கம் நம் ஹாபிழ் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. கணிதத்துக்கும் அதுவே துணை.

ஜமாஅத்தின் பொறுப்பும் இதில் உண்டு. படித்து முடித்த நூல்களைச் சேகரித்து வைக்க ஓர் அலமாரி, ஞாயிறுதோறும் ஐயம் தீர்க்க இரண்டு மணி நேரம் தரக்கூடிய நம் பட்டதாரிகள், தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாளைப் பள்ளிவாசல் பலகையில் எழுதிப் போட ஒருவர் – பெருஞ்செலவின்றி இவற்றைச் செய்ய இயலும். பெண்பிள்ளைகளுக்கும் இவ்வசதி சமமாகக் கிடைக்க வேண்டும்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் நெஞ்சங்களில் திருமறையைப் பாதுகாப்பானாக! அவர்கள் கைகளால் பங்குகள் நீதமாகப் பிரிக்கப்படவும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.